பேர் சொன்ன கிடா

எங்கள் ஊர் மாடசாமி கோயில் கொடைத் திருவிழாவில், சித்திரை மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில், சண்முகத்தாய் நேர்ந்துவிட்டிருந்த கறுப்புக் கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது, அது மற்றக் கிடாக்களைப் போல உடம்பைச் சிலுப்பாமல், தலையைத் தூக்கிக் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, லேசாகச் சளி பிடித்த ஆம்பளைக் குரலில் தன் பேரைச் சொன்னது. "எத்துவா" என்றது. கொட்டுச் சத்தத்தில் பின்னால் நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதால், கொட்டு நின்றதும் அவர்களுக்காக இன்னொரு தரமும் சொன்னது.

யாரும் பயந்து ஓடவில்லை. பயப்படுவதற்கென்று எங்கள் ஊர்க்காரர்கள் வேறு காரியங்களை வைத்திருக்கிறார்கள்: மழை, தீப்பெட்டி ஆபீஸில் பற்றுகிற தீ, பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு ரிசல்ட். கிடா பேசுவது அந்த வரிசையில் வராது. கிடா பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், அதற்குப் பேர் எப்படி வந்தது என்பதுதான் அங்கே நின்ற அத்தனை பேரையும் உலுக்கியது, ஏனென்றால் பேர் உள்ள உயிரை மாடசாமிக்கு வெட்டக் கூடாது.

இந்த விதி எப்போது வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் மீறக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். சாமிக்கென்று ஒரு குட்டியைப் பிடித்து வந்தால், கொடை வருகிற வரைக்கும் அதை "இந்தா" என்பதற்கு மேல் கூப்பிடக் கூடாது. அகத்திக்கீரை கட்டலாம், குளிப்பாட்டலாம், சொறிந்தும் விடலாம், பேர் மட்டும் வைக்கக் கூடாது. பேர் வைத்துவிட்டால் அது வீட்டு ஆள், வீட்டு ஆளை வெட்டிச் சாமிக்குக் கொடுக்கிற அளவுக்கு எங்கள் ஊர் இன்னும் கெட்டுப்போகவில்லை. யாராவது வாய் தவறி வைத்துவிட்டால் அதற்கும் வழி உண்டு. பேர் வைத்தவர் கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடசாமி பீடத்தை மூன்று சுற்று வந்து, "நான் குடுத்த பேர நானே எடுத்துக்கிடுதேன்" என்று சொல்ல வேண்டும். அப்புறம் அது பேரில்லாத கிடா ஆகிவிடும். ஒரு காலத்தில் மேலத்தெருச் சிறுமி ஒருத்தி சாமிக்கிடாவுக்கு ரோஜா என்று பேர் வைத்துவிட்டு அழுதுகொண்டே மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறாள். அவளுக்கு இன்று கல்யாண வயதில் மகன் இருக்கிறான், இன்னமும் ஆட்டுக்கறியைக் கையால் தொடுவதில்லை.

ஆகவே அன்றைக்கு மற்றப் பதினோரு கிடாக்களும் முறைப்படி வெட்டுப்பட, பன்னிரண்டாவதான எத்துவா வேப்பமரத்தில் கட்டப்பட்டு, யாரோ போட்ட மாலையைத் தின்றுகொண்டு நின்றது. பேர் வைத்தவர் யாரென்று கண்டுபிடிக்க எட்டாம் கொடை வரைக்கும் தவணை கொடுத்தார்கள். எட்டாம் கொடை என்பது அடுத்த செவ்வாய்க்கிழமை நடக்கும் நிறைவுப் பூசை. அதற்குள் நேர்ச்சை தீரவில்லை என்றால் அது தீராத நேர்ச்சைதான், அடுத்த கொடை இரண்டு வருஷம் கழித்துத்தான்.

இதைக் கேட்டதும் சண்முகத்தாய் விரலை மடக்கி, அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் எண்ணத் தொடங்கினாள். அவள் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிறவள், நாற்பத்தெட்டு வயது, புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம், ஒரே மகன் கனிராஜ். அந்த மகனுக்காகத்தான் இந்தக் கிடா. கனிராஜ் ஊருக்குத் தெற்கே பொட்டலில் வரிசையாக நிற்கிற காற்றாடிகளில் ஏறி, கயிற்றில் தொங்கிக்கொண்டு இறக்கை துடைக்கிற வேலை பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கயிறு விட்டுப்போனது. பெரியாஸ்பத்திரி வராந்தாவில், மகன் உள்ளே பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, சண்முகத்தாய் தரையில் உட்கார்ந்து முந்தானையில் முடிச்சுப் போட்டு, "மாடசாமி, எம்மவன் உசுர எனக்குக் குடு, பதிலுக்கு ஒரு உசுர நான் உனக்குத் தாரேன்" என்று நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்தான். எலும்பெல்லாம் கூடியது, எழுந்தான், லேசாக நொண்டி நடந்தான், சாப்பிட்டான். பேசவில்லை. நாக்கில் கோளாறு இல்லை, தொண்டையில் கோளாறு இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷமாக அவன் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. சாமிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால்தான் சாமி பேச்சைப் பிடித்து வைத்திருக்கிறது, கிடா விழுந்தால் பேச்சு வரும், விழாவிட்டால் கொடுத்த உயிரையும் கேட்டுவிடும் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள், அவளும் அப்படியே நம்பினாள். அதற்காகத்தான் அந்தக் குட்டியை இரண்டு வருஷம் வளர்த்தாள். பேர் வைக்கவில்லை. தும்மல் சத்தத்தைக்கூட அது தன் பேரென்று எடுத்துக்கொள்ளுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே தும்மினாள்.

விசாரணை புதன்கிழமை காலையில் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டாரும் வந்து சூடத்தின் மேல் கைவைத்து, நான் இந்தக் கிடாவுக்குப் பேர் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். நூற்று நாற்பத்து மூன்று தலைக்கட்டு, பெண்கள், பிள்ளைகள், பொங்கலுக்கு வந்து இன்னும் திரும்பிப் போகாத ஒரு மாப்பிள்ளை, எல்லாரும் செய்தார்கள். குட்டியை விற்ற வியாபாரியை எட்டயபுரம் சந்தையிலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் கிடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் விற்கும்போது இது ஊமை, எங்கள் கொட்டடியில் பேசுகிற ஆடு கிடையாது, அப்படி இருந்தால் வேறு மாதிரி விற்றிருப்பேன் என்றார். கனிராஜை மட்டும் யாரும் கேட்கவில்லை. பேசாதவன் எப்படிப் பேர் வைப்பான் என்று கேட்கிற அளவுக்குக்கூட அவன் ஞாபகம் யாருக்கும் வரவில்லை. அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தான்.

வைத்தவர் கிடைக்காததால், பேருக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தாலாவது வைத்தவர் வீட்டுப் பக்கம் போகலாம் என்று முடிவு செய்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பூதலிங்கத்திடம் போனார்கள். அவர் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு பக்கம் எழுதினார். ஏத்துதல் என்றால் போற்றுதல், ஏத்துவார் என்றால் போற்றுகிறவர், அது நாளடைவில் நெடில் குறுகி, கடைசி எழுத்தும் தேய்ந்து எத்துவா ஆயிற்று, எனவே இது இறைவனைப் போற்றும் அடியார் என்று பொருள்படும் பழந்தமிழ்ப் பெயர், கிடா முற்பிறவியில் ஓதுவாராக இருந்திருக்கலாம் என்று முடித்திருந்தார். படித்துக் காட்டியபோது கிடா அவர் மேசை விரிப்பின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தது. சாமியாடி கொம்பையா இதை ஒத்துக்கொள்ளவில்லை. சாமி "எடுத்துட்டு வா" என்றுதான் சொல்லியிருக்கிறது, ஆட்டு வாய்க்கு அவ்வளவுதான் வந்திருக்கிறது, இன்னொரு கிடா கொண்டுவரச் சொல்கிறது என்றார். வாத்தியாரும் கொம்பையாவும் டீக்கடையில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சாயங்காலம் வரை பேசினார்கள், சனிக்கிழமைக்குள் ஊர் பெஞ்சுவாரியாகப் பிரிந்துவிட்டது. கீழத்தெருக்காரர்கள் மட்டும் இரண்டு பெஞ்சிலும் உட்காராமல், எத்துவா என்று எங்கள் முப்பாட்டன் ஒருவர் இருந்தார், அவருக்கும் சளி உண்டு என்று சொல்லிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் கிடாவோடு பழகும் முறை மாறிவிட்டது. பேர் தெரியாதவரைக்கும் முருங்கையைக் கடித்தால் கல்லெடுத்து எறியலாம். பேர் தெரிந்தபின் கை வரவில்லை. "எத்துவா, இது உனக்கே நல்லாருக்கா?" என்று கேட்டார்கள், அது நின்று கேட்டுவிட்டு மறுபடி கடித்தது. சிலர் வாங்க போங்க என்று பேசத் தொடங்கினார்கள். டீக்கடையில் அது வந்து நின்றால் தேங்காய் பன்னைப் பிய்த்துப் போட்டார்கள். ஊசி போட வந்த கால்நடை ஆஸ்பத்திரிக்காரர், உரிமையாளர் பேர் என்ற இடத்தில் சண்முகத்தாய் என்று எழுதிவிட்டு, யாரும் கேட்காமலே பக்கத்தில் எத்துவா என்றும் எழுதிக்கொண்டு போனார். அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எந்தத் தெருவில் இருந்தாலும் வரும், வந்து தன் பேரைச் சொல்லும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. வேறென்ன தெரியும் என்று கேட்டுப் பார்த்தார்கள். அதற்கு அது ஒன்றுதான் தெரியும்.

கிடாவின் பேரைக் கொடைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னவர் சிவனணைந்தான். அவர் எங்கள் ஊருக்கு வருகிற ஒரே பேருந்தின் கண்டக்டர், கொடைக்குக் கொடை பேர் வாசிக்கிறவரும் அவர்தான், ஏனென்றால் ஸ்டாப்பிங் சொல்லிச் சொல்லி அவர் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். பேர் வாசிப்பு என்பது எங்கள் ஊரில் பெரிய காரியம். எட்டாம் கொடையன்று பிரசாதத்தைப் பங்கு வைத்து, தலைக்கட்டு தலைக்கட்டாகப் பேரைப் படிப்பார்கள், பேருக்குரியவர் "இருக்கேன்" என்று சொல்லி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வேலைக்கென்று திருப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்கள் பேரையும் விடாமல் படிப்பார்கள். அப்போது அவன் அம்மாவோ பெண்டாட்டியோ எழுந்து, "வெளியூர்ல இருக்கான், பங்க எங்கிட்ட குடுங்க" என்று சொல்லி வாங்கி வைப்பாள். அப்படி யாரும் எழுந்திருக்காவிட்டால் அந்தப் பேரை அடித்துவிடுவார்கள், அதோடு அந்த ஆளுக்கும் ஊருக்கும் தொடர்பு விட்டுப்போகும். பேர் இருந்து, ஊரில் இருந்து, வரிசையில் இல்லாமல் இருப்பது முறையல்ல என்று சிவனணைந்தான் சொன்னார். யோசித்துப் பார்த்ததில் அது சரியாகவே பட்டது. நூற்று நாற்பத்து நான்காவதாக எத்துவா என்று எழுதினார்கள். எழுதி மை காய்ந்த பிறகுதான், அந்தக் கிடா எட்டாம் நாள் வெட்டுப்பட்டால் அதன் கறியில் அதற்கும் ஒரு பங்கு போக வேண்டுமே என்று டீக்கடைக்காரருக்குத் தோன்றியது. ஒருநாள் முழுக்க அதைப் பேசினார்கள். முடிவு வரவில்லை, ஆனால் பேரை அடிக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை.

சண்முகத்தாய் இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் தகரப் பெட்டியைத் திறந்து, விபத்து அன்று பேப்பரில் வந்த செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதில் நான்கு வரிதான். காற்றாலைக் கோபுரத்திலிருந்து தவறி விழுந்ததில் கனிராஜ், வயது இருபத்து நான்கு, படுகாயமடைந்தார் என்றும், உடன் பணியாற்றிய வடமாநிலத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார் என்றும் போட்டிருந்தது. மகன் பேர் அச்சில் வந்த தாள் என்பதால் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். முதல் வரியை மட்டும் படித்துப் படித்து அந்த இடம் விரல்பட்டு மங்கிப்போயிருந்தது.

அவளை அறுத்தது ஒரே கேள்விதான். கிடா வளர்ந்தது அவள் வீட்டு முற்றத்தில். காலையில் அவள் கட்டிப்போட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். இடையில் யார் வந்து பேர் வைத்தார்கள்? பக்கத்து வீட்டு மதினியிடம் கேட்டதற்கு, பகலில் உங்கள் வீட்டில் ரேடியோ பாடுவதுபோல் ஏதோ முணுமுணுப்புக் கேட்கும், நீ பையனுக்காகப் போட்டுவிட்டுப் போகிறாய் என்று நினைத்தேன் என்றாள். சண்முகத்தாய் வீட்டில் ரேடியோ கிடையாது. அவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் மதினி அடுப்பில் பால் பொங்குகிறதென்று உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தப் பேரை நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிடுவது. மூன்று சுற்றுச் சுற்றி எடுத்துக்கொள்வது. மாடசாமி முன்னால் பொய் சொன்னால் சொன்னவர் நாக்கு அழுகிப்போகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் நாக்குப் போனால் போகட்டும், அவன் நாக்கு வந்தால் போதும் என்று நினைத்தாள். நினைத்தபின் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது, அன்றைக்கு ஒரு வாரத்துக்கப்புறம் ரசம் வைத்து நன்றாகச் சாப்பிட்டாள். மகனுக்கும் இரண்டு அப்பளம் கூடப் பொரித்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில் ஊர் முழுக்கக் கோயிலில் கூடியது. வாத்தியார் நான்கு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கொம்பையா கச்சை கட்டியிருந்தார். பேர் வைத்தவர் கிடைத்துவிட்டார், அது நான்தான் என்று சண்முகத்தாய் எழுந்து சொன்னபோது, அவள் சூடத்தில் கைவைத்துச் செய்த சத்தியம் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. பொய் என்று தெரிந்தே ஊர் வழிவிட்டது, ஒதுங்கி நின்ற பெண்களில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் வேப்பமரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். முதல் சுற்று வந்தாள். கிடா சாதாரணமாக அவள் கூடவே நடந்தது. இரண்டாம் சுற்றில் அவள் உதடு அந்த வாசகத்தை ஒத்திகை பார்ப்பது தெரிந்தது. மூன்றாம் சுற்றில் பாதி வந்தபோது கனிராஜ் தூணைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, கயிற்றின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

"விடும்மா," என்றான். "அது நீ வச்ச பேரு இல்ல."

குரல் துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது. கிடா பேசியபோது அசையாத கூட்டம் இதற்கு இரண்டடி பின்னால் போனது. சண்முகத்தாய் கயிற்றை விடவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, எப்போதிருந்து பேசுகிறாய் என்று மட்டும் கேட்டாள். ஒரு வருஷமாக, நீ வேலைக்குப் போனபிறகு, இதுகூட மட்டும் என்று சொன்னான். முதலில் அந்தப் பேர் ஒன்றுதான் வாயில் வந்தது, அதை மனுஷரிடம் சொல்லப் பயமாக இருந்தது, அதனால் இதனிடம் சொன்னேன், சொல்லச் சொல்ல இது தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டது என்றான்.

யார் பேர் என்று சிவனணைந்தான் கேட்டார்.

"எங்கூட கயித்துல தொங்குனவன் பேரு, அண்ணாச்சி. ஜார்க்கண்ட்காரன். எட்டு மாசம் ஒரே கயிறு, ஒரே சட்டிச் சோறு. மேல இருந்து பாத்தா நம்ம கோயிலு வெள்ளையா தெரியும், அது என்னது அது என்னதுன்னு தெனமும் கேப்பான். எங்க சாமின்னு சொல்லுவேன், அங்கன இருந்தே கும்பிடுவான். கயிறு விட்டப்போ அவன் எனக்குக் கீழ இருந்தான். அவன்தான் முதல்ல விழுந்தான். நான் தரையில விழல. அவன் மேல விழுந்தேன்."

பிறகு அம்மாவைப் பார்த்து, "ஒரு உசுருக்கு ஒரு உசுருதானம்மா நேந்த?" என்று கேட்டான். "அது அன்னைக்கே குடுத்தாச்சு."

சண்முகத்தாய் கையிலிருந்து கயிறு தானாக நழுவியது. இரண்டு வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்த அந்த நான்கு வரிச் செய்தியின் கடைசி வரி அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதற்காகச் சாமி எங்கேயோ ஒருத்தியிடம் பிள்ளையை எடுத்திருக்கிறது, அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் பிள்ளை பேரைக்கூடக் கேட்காமல். சண்முகத்தாய் பீடத்தின் முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரும் தடுக்கவில்லை. எங்கள் ஊரில் சாவுக்கு எப்படி அழுவார்களோ அப்படியே அழுதாள், அந்தச் சாவுக்கு இங்கே அதுவரை யாரும் அழுதிருக்கவில்லை.

முறை என்று ஒன்று இருப்பதால், அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் சிவனணைந்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேர் வைத்தவன் நீதான் என்று ஆகிவிட்டது, அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறாயா என்று கனிராஜைக் கேட்டார்.

"திருப்பி எடுக்க அது எம் பேரு இல்லையே, அண்ணாச்சி."

வாத்தியார் பூதலிங்கம் மெல்லப் பக்கத்தில் வந்து, தம்பி, அந்தப் பேருக்கு அவர்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன் என்று அர்த்தமாம், அவங்க ஊரில் பிள்ளை பிறந்த கிழமையையே பேராக வைப்பார்களாம், அவ்வளவுதான் சார் என்றான் கனிராஜ். வாத்தியார் நான்கு பக்கத்தையும் பையிலிருந்து எடுத்து, முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே ஞாயிறு என்று எழுதிக்கொண்டார். கொம்பையா கச்சையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாமியிடம் ஒருமுறை கேட்டுவிடலாம் என்றார். நேர்ச்சை வந்து சேர்ந்ததா இல்லையா என்பதைச் சாமிதான் சொல்ல வேண்டும், கிடா உடம்பைச் சிலுப்பினால் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து, எல்லாரும் பார்த்திருக்க, கிடாவின் முதுகில் தெளித்தார்.

கிடா உச்சி முதல் வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. வாத்தியார் கண்ணாடியெல்லாம் தண்ணீர்.

ஆக நேர்ச்சை தீர்ந்தது. அன்றைக்குக் கறி கிடையாது என்று ஆனதில் பலருக்கு முகம் சுருங்கியதை மறைப்பதற்கில்லை, துபாயிலிருந்து அதற்கென்றே லீவு போட்டு வந்தவர் ஒருவர் இருந்தார். சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். வேகும்வரை ஆட்கள் கனிராஜைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பையன் என்ன சாப்பிடுவான், கல்யாணம் ஆனவனா, நம்ம பேச்சு பேசுவானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவன் தெரிந்ததைச் சொன்னான். அம்மா இருக்கிறாள், தங்கச்சி இருக்கிறாள், ரசம் பிடிக்காது, அண்ணே என்று மட்டும் நன்றாகச் சொல்வான். ஊர் எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டதற்கு அவன் வடக்கே கையைக் காட்டினான். எல்லாரும் கொஞ்ச நேரம் வடக்கே பார்த்தார்கள்.

பொங்கல் இறக்கி, வாழையிலையில் பங்கு வைத்து, சிவனணைந்தான் பட்டியலை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவராக இருக்கேன் என்று வந்து வாங்கிப் போனார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் வாங்கி வைத்தார்கள். நூற்று நாற்பத்து மூன்றும் முடிந்தது. ஒரே ஒரு இலை மீதி இருந்தது. சிவனணைந்தான் பட்டியலின் அடியில் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டார், பேருந்து நிற்கப் போகும்போது சொல்கிற அதே குரலில், எத்துவா என்று படித்தார்.

எல்லாரும் கிடாவைப் பார்த்தார்கள். அது வாயைத் திறந்து, எல்லா ஆடுகளும் கத்துகிற மாதிரி ஒருமுறை கத்திவிட்டுக் குனிந்து கீழே கிடந்த பூவைத் தின்றது. அன்றோடு அதற்குப் பேச்சு நின்றுபோயிற்று.

சிவனணைந்தான் இரண்டாம் தரம் படித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தரம் படித்துப் பதில் இல்லையென்றால் பேரை அடித்துவிட வேண்டும் என்பது முறை, பேனாவை அவர் மூடி கழற்றிக் கையில் வைத்திருந்தார். மூன்றாம் தரமும் படித்தார்.

சண்முகத்தாய் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். கலைந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்து நீட்டினாள்.

"வெளியூர்ல இருக்கான், அண்ணாச்சி," என்றாள். "பங்க எங்கிட்ட குடுங்க."

சிவனணைந்தான் பேருக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு, இலையை எடுத்து அவள் முந்தானையில் வைத்தார்.